சின்னவளின் தூக்கம்

எங்கள் வீட்டுப் பெரியவர் இறந்துபோன அன்று சாயங்காலம் தென்னூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு இருந்தது. அதனால் நாங்கள் யாரும் வாய்விட்டு அழவில்லை.

பெரியவர் என்பது குதிரை. ஒரு காலத்தில் பளீரென்ற வெள்ளை. கடைசி வருடங்களில் கொஞ்சம் பழுப்பேறி, பலமுறை துவைத்த வேட்டியின் நிறத்துக்கு வந்திருந்தார். என் கணவர் கல்யாணங்களுக்குச் சாரட்டு வாடகைக்கு விடுகிறவர். மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எதற்கும் எங்கள் சாரட்டு போகும். பொன்மலை ரயில்வே பணிமனையில் ரிடயர் ஆகிறவர்களைக்கூட மாலையும் கழுத்துமாக உட்காரவைத்து வீட்டில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறோம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கமாக எங்கள் வீடு. வீட்டை ஒட்டி ஒரு காலிமனை, அதில் ஒரு புங்கமரம், மரத்தடியில் லாயம், தெருவைப் பார்த்து ஓர் இரும்புக் கேட்.

நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் டீச்சர். கரப்பான்பூச்சியின் சீரண மண்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் வரைந்துவிடுவேன். குதிரை எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. ஆகவே குதிரைகளைப் பற்றி எனக்கு இருந்த அறிவெல்லாம் சொந்தச் சரக்கு, அதாவது பெரும்பாலும் தப்பு.

பெரியவருக்குப் பேண்டு சத்தம் கேட்டால் போதும், கழுத்து வில்லாக வளைந்துவிடும். ஊரில் உள்ள அத்தனை மண்டபமும் அவருக்கு மனப்பாடம். ஒரு தடவை சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தபோது, வழக்கமாகப் போகிற மண்டபம் வந்ததும் தானாக உள்ளே திரும்பி வாசலில் போய் நின்றுவிட்டார். நாங்கள் போகவேண்டிய கல்யாணமோ அடுத்த தெரு மண்டபத்தில். இந்த வாசலிலும் ஒரு மாப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆரத்தி எடுத்து, சந்தனம் கொடுத்து, கற்கண்டு நீட்டிய பிறகுதான் பெண்வீட்டு மாமா ஒருவர் உற்றுப் பார்த்து, "இது நம்ம பையன் இல்லையே" என்றார். என் கணவர் அன்றைக்கு வாங்கிய திட்டுக்கு அளவில்லை. பெரியவர் மட்டும் நிதானமாகக் கற்கண்டுத் தட்டை மோந்துகொண்டிருந்தார்.

அவருக்குத் துணையாக இருந்தவள் சின்னவள். செம்பழுப்பு நிறம், பெண்குதிரை, அவரைவிட ரொம்ப இளையவள். முதலில் இருவரும் ஜோடியாகச் சாரட்டு இழுத்தார்கள். பெரியவருக்கு வயதானதும் அவரை வீட்டில் நிறுத்திவிட்டு, சின்னவளை மட்டும் ஒற்றைக் குதிரை வண்டியில் பூட்டினோம். பெரியவரைக் கைவிட மனம் வரவில்லை. கொள்ளும் தவிடும் தின்றுகொண்டு ராஜா மாதிரி மரத்தடியில் இருந்தார்.

எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. சின்னவள் தினமும் காலை வேளையில் புங்கமரத்து நிழலில் பப்பரப்பே என்று படுத்துத் தூங்குவாள், குறட்டைகூட விடுவாள். அப்போதெல்லாம் பெரியவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி நிற்பார். ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பமாட்டார். பெண்பிள்ளை படுத்துக் கிடக்கிறாளே, உடம்புக்கு என்ன என்று பார்க்கவேண்டாமா?

"ஒரே இடத்துல இருந்துக்கிட்டு இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறீங்களே, நல்லா இருக்கா?" என்று அவரிடம் கேட்பேன்.

"எல்லாம் உன்னப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்," என்பார் என் கணவர், சாரட்டுக் கொட்டகையில் இருந்தபடியே.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் விடிகாலையில் பெரியவர் மரத்தடியில் சாய்ந்து கிடந்தார். என் கணவர்தான் முதலில் பார்த்தார். உள்ளே வந்து, "போயிட்டாரு" என்று மட்டும் சொன்னார். நான் ஓடிப்போய்ப் பிடரியில் கைவைத்தேன், உடம்பு ஆறியிருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்பா இறந்தபோது இருந்ததுபோல் இருந்தது, வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் அழ நேரமில்லை. கல்யாணச் சாரட்டு நிற்கிற இடத்தில் சாவு என்று தெரிந்தால் எந்தக் கல்யாண வீடும் வண்டியைத் தொடாது. தென்னூர்க்காரர்கள் காதுக்குப் போவதற்குள் காரியம் முடியவேண்டும். என் கணவரின் சிநேகிதர் ஒருவருக்குக் கொள்ளிடக்கரை ஓரமாகத் தென்னந்தோப்பு இருந்தது. அங்கே பள்ளம் தோண்ட ஏற்பாடு செய்தார்.

சின்னவள் அப்போது கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றாள். என் கணவர் அவளை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார்.

"இவ பாக்க வேணாம். அடுத்த தெருவுல கொண்டுபோய் நிறுத்து. எல்லாம் முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு வீட்டில் சாவு என்றால் குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லையா? நான் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். அதற்குள் பெரியவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு பிணம் எடுத்த வீட்டைக் கழுவிவிடுவதுபோலவே லாயத்தையும் கழுவிவிட்டோம். பினாயில் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, அவர் படுத்திருந்த மண்ணைக்கூட வாரிக் கொட்டிவிட்டு, கோலமும் போட்டேன். வேறு யாருக்கும் இவ்வளவு சுத்தமாக ஒரு தப்பைச் செய்யத் தெரியாது.

சின்னவளை உள்ளே கொண்டுவந்து விட்டதும் அவள் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். எங்கேயும் பெரியவர் வாசனை இல்லை. பினாயில் நெடிதான் இருந்தது. அவள் அறிந்தவரையில் பெரியவர் சாகவில்லை, ஏதோ ஊர்வலத்துக்குப் போயிருக்கிறார். கேட்டுக்குப் போய் நின்று கனைக்க ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம் தென்னூர் ஊர்வலத்தை முடித்துக்கொண்டு திரும்பியவள் மறுபடியும் அதே கேட்டில் நின்று கனைத்தாள். தெருவில் லாரி வந்தாலும் கனைப்பாள், பால்காரர் வந்தாலும் கனைப்பாள். எதிர்வீட்டு மாமி பாசுரம் சொல்வதை நிறுத்திவிட்டு வெளியே வந்து, "குழந்தை மாதிரி கூப்பிடறதே, கேக்கவே முடியலையே" என்றார். மாமிக்குப் பெரியவர்மேல் தனி மரியாதை. பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளுகிற நாளில் இவருக்கும் ஒரு பூச்சரம் கொடுத்தனுப்புவார். மாமியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தோம்.

சில நாட்களில் கனைப்பு நின்றது. அப்பாடா, மறந்துவிட்டாள் என்று நினைத்தோம். அதுவும் தப்பு.

அடுத்த முகூர்த்தம் சத்திரம் பக்கத்தில். பேண்டு வாத்தியம் முழங்க ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும்போதே சின்னவளின் கண் சொருகி, முன்னங்கால் இரண்டும் மடங்கி, அப்படியே மண்டி போட்டுவிட்டாள். சாரட்டு முன்னால் சாய்ந்தது. மாப்பிள்ளை சறுக்கிக்கொண்டு வந்து என் கணவர் முதுகில் மோதினார். சின்னவள் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டாள். யாருக்கும் அடி இல்லை. குதிரை கும்பிடு போட்டது என்று கல்யாண வீட்டார் கைகூடத் தட்டினார்கள். என் கணவர் மட்டும் வண்டியிலிருந்து இறங்கி, மீதித் தூரமும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். ஆற்றுப் பாலத்தில் வரும்போது இப்படி விழுந்தால் என்ன ஆகும்?

வீட்டில் வைத்தியம் தொடங்கியது. மாமி யோசனைப்படி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டோம். பெரியவருக்குப் பிடித்த பேண்டு இசையை என் கணவர் போனில் போட்டு அவள் காதருகே பிடித்தார், அவள் போனை நக்கினாள். துணை இருப்பதுபோல் தெரியட்டும் என்று என் பீரோவின் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி லாயத்தில் சாத்தினார். இரண்டு நாள் நான் எப்படிப் புடவை கட்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. சின்னவள் கண்ணாடியை ஒரு தடவை மோந்துவிட்டு அதன்பிறகு சீண்டவே இல்லை.

கடைசியில் கால்நடை டாக்டரை அழைத்துவந்தோம். இளம் வயதுப் பெண். சின்னவளின் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"கால் நல்லாத்தான் இருக்குங்க மேடம். குளம்புக்கு மேல, முன்பக்கம் தேய்ஞ்சிருக்கு பாருங்க. நின்னுக்கிட்டே தூங்கி விழுந்து விழுந்து வந்த காயம் இது. படுத்துத் தூங்குதா?"

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரியவர் போனதிலிருந்து அவள் படுத்து நாங்கள் பார்க்கவே இல்லை.

"குதிரை நின்னுக்கிட்டே தூங்குமேங்க," என்றார் என் கணவர்.

"லேசா கண்ணசர நிக்கும்ங்க. அசந்து தூங்கணும்னா படுத்தே ஆகணும். தினம் கொஞ்ச நேரமாவது. ஆனா பயமா இருந்தா படுக்காது. கூட ஒண்ணு முழிச்சு நின்னாத்தான் இது தைரியமா படுக்கும். இன்னொரு குதிரை இருக்குங்களா?"

"இருந்துச்சு," என்றார் என் கணவர்.

விஷயத்தைக் கேட்ட டாக்டர், பெரியவரின் உடம்பை ஒரு தடவை மோந்து பார்க்க அவளை விட்டிருக்கலாம் என்றார். பிறகு, துணைக்கு வேறொரு குதிரை வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு என் கணவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அவரு நின்ன இடத்துல இன்னொண்ணக் கொண்டாந்து கட்ட என்னால முடியாது. வைகாசி முகூர்த்தத்துக்குள்ள இவ சரியாகலன்னா, முக்கொம்புப் பக்கம் தெரிஞ்சவரு குதிரை வச்சிருக்காரு, அவர்கிட்ட விட்டுடலாம். வண்டியையும் கொடுத்துடலாம்."

"அப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் கொள்ளுத் தொட்டியைக் கழுவப் போய்விட்டார். பெரியவர் இறந்ததிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளும் போய்விட்டால் இந்த மனுஷனை நான் எப்படித் தேற்றுவது? எனக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது, அவர்மேல்தான்.

கோடை விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை. துணைக்கு ஆள் முழித்திருந்தால் படுப்பாள் என்றால், நாங்கள் இல்லையா என்ன? மறுநாள் காலை லாயத்துக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். நான், என் கணவர், மாமி. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து, கண்கொட்டாமல் சின்னவளையே பார்த்தோம். அவளும் எங்களையே பார்த்தாள். யாரும் அசையவில்லை. கண் சொருகும், கால் மடங்கும், உடனே விழித்துக்கொள்வாள். மாமி, "படுத்துக்கோடி கொழந்தே" என்று கெஞ்சினார். வெயில் ஏறியதும் என் கணவர் நாற்காலியிலேயே குறட்டை விட ஆரம்பித்தார். தூங்கவேண்டியவளைத் தவிர மற்றவர்கள் தூங்கினோம்.

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் பார்த்த பார்வை மனதில் நின்றது. பரீட்சை ஹாலில் பக்கத்தில் வந்து நின்று பேப்பரையே முறைக்கிற டீச்சர் முன்னால் எந்தப் பெண்ணுக்குக் கை ஓடும்? பிறகுதான் பொறி தட்டியது. வேட்டையாடுகிற விலங்குக்குக் கண் முகத்தின் முன்னால் இருக்கும், இரையாகிற விலங்குக்குப் பக்கவாட்டில் இருக்கும் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். முன்னால் கண் வைத்த மூன்று பேர் எதிரே உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தால், ஒரு குதிரை எப்படிப் படுக்கும்? புலி மூன்று வந்து, தூங்கு தூங்கு என்று சொல்வதுபோல்தானே அது?

அப்படியென்றால் பெரியவர்? அவர் ஒருநாளும் அவளைப் பார்த்ததில்லை. கேட்டைத்தான் பார்த்தார். இத்தனை வருடமாக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார் என்று நான் ஏசியதெல்லாம் அவர் காவல் நின்றதைத்தான். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கையோடு நின்று அழுதேன். சிரிப்பும் வந்தது. காரணம் இல்லாமலா அவருக்குப் பெரியவர் என்று பேர் வந்தது?

மறுநாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். சின்னவளுக்கு முதுகு, கேட்டுக்கு முகம். மடியில் முறம் நிறையச் சின்ன வெங்காயம். மற்ற இருவரையும் லாயத்துப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னால் ஒரு சருகு நொறுங்கினாலும் கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கும். முதல் நாள் அவள் வந்து என் கொண்டையை மோந்தாள், தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் மண்ணைக் காலால் கிளறும் சத்தம் கேட்டது. படுக்கப் போகிறாள் என்று ஆவல் தாங்காமல் திரும்பிவிட்டேன். முட்டி பாதி மடங்கியிருந்தவள் விருட்டென்று நிமிர்ந்து நின்றாள். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அதற்கும் அடுத்த நாள் வெயிலில் எனக்கே கண் சொருகியது. முறத்தை அணைத்துக்கொண்டு தூங்கிப்போய்விட்டேன். விழித்துப் பார்த்தால் சின்னவள் எனக்கு முன்னால் நிற்கிறாள். அவள் வால் என் முகத்துக்கு நேரே. காதை நிமிர்த்திக்கொண்டு கேட்டைப் பார்த்து நிற்கிறாள். தூக்கத்துக்கு ஏங்கிக் கால் மடங்குகிற நிலையில், நான் தூங்கி எழும்வரை எனக்குக் காவல். என் மாணவிகள் யாராவது இதைப் பரீட்சையில் எழுதியிருந்தால் கற்பனை என்று மார்க் போட்டிருக்கமாட்டேன். நான் எழுந்து நாற்காலியை அவளுக்கு முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "என் முறைடி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின்னால் மண் கிளறும் சத்தம். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பெருமூச்சு. மூட்டு சொடுக்கும் சத்தம். தொம்மென்று தரை அதிர்ந்தது, நாற்காலியின் கால் வழியாக அந்த அதிர்வு என் முதுகுவரை வந்தது. நான் வெங்காயத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். திரும்பவில்லை. சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

அப்போது பார்த்து என் கணவர் பைக்கில் வந்துவிட்டார். நான் கையைத் தூக்கி அங்கேயே நில்லுங்கள் என்று காட்டினேன். வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றார். எனக்குப் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியும், அவர் முகம் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"படுத்திருக்காளா?" என்று வாயை மட்டும் அசைத்துக் கேட்டேன்.

தலையாட்டினார். "முழுசா சாஞ்சு படுத்திருக்கா. தலையத் தரையில வச்சுட்டா," என்றார் தணிந்த குரலில். பிறகு, "கனவு காணுறா போல. கால் ஓடுது."

அவர் கேட்டின் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாய் கோணியது. பெரியவர் போன நாளிலிருந்து தேக்கிவைத்த அழுகை அப்போது வந்தது. நடுத்தெருவில், உச்சி வெயிலில், தோள் குலுங்க, சத்தமே வராமல் அழுதார். எழுந்துபோய் அவரைத் தொட எனக்கு ஆசையாக இருந்தது, ஆனால் எழுந்தால் இவள் எழுந்துவிடுவாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார். "முதுகு வலிக்கலயா உனக்கு?"

"வலிக்குது."

"எத்தன நாளைக்கு இப்படி உக்காந்திருப்ப?"

"ஸ்கூல் திறக்குற வரைக்கும் உக்காருவேன். அதுக்கப்புறம் என்னங்க பண்றது?"

எனக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடியை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள ஒரு குதிரை பாத்துடுறேன்," என்றார்.

சின்னவள் தானாக எழுந்திருக்கும்வரை அவர் கேட்டைத் திறக்கவில்லை.